இருபது வளைவுகள்

2024 டிசம்பர் 8, கிறிஸ்து பிறப்புக்கு ஆயத்தம் செய்யும் திருவருகைக் காலத்தின் இரண்டாம் ஞாயிறு. சேலம் குழந்தை இயேசு பேராலயத்தில் அருட்தந்தை ஊதா நிறத் திருவுடை அணிந்திருந்தார். அக்காலத்திற்குரிய வழக்கப்படி ‘உன்னதங்களிலே’ என்னும் புகழ்ப்பாடல் பாடப்படவில்லை. ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்றப்படும் மெழுகுவர்த்திகள் நான்கில் இரண்டு மட்டும் எரிந்தன. லூக்கா நற்செய்தி மூன்றாம் அதிகாரம் வாசிக்கப்பட்டது. ஆண்டவருக்காக வழியை ஆயத்தமாக்குங்கள், மலைகள் தாழ்த்தப்படும், கோணலானவை நேராகும் என்னும் இறைவாக்கினர் எசாயாவின் வாக்கைத் திருமுழுக்கு யோவானைக் குறித்து லூக்கா எடுத்துரைக்கும் பகுதி அது.

அன்று பிற்பகல் ஏற்காட்டுப் பேருந்தில் ஏறினேன். மலைமேல் உள்ள ஆலயத்தில் சிறிது நேரம் தனியே செபிக்க வேண்டும் என்பதே என் நோக்கம். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் அவற்றின் எண் பலகைகளைப் பார்த்தபடியே கடந்தேன். சேர்வராயன் மலையைத் தாழ்த்த எவராலும் இயலாது. ஆகவே சாலைதான் வளைந்து வளைந்து ஏறுகிறது. என் உள்ளத்திலும் அப்படித்தான் நடந்திருந்தது. பெற்றோர் விட்டுச்சென்ற நிலத்தைப் பிரித்ததில் அண்ணனோடு மூன்றாண்டுகளாகப் பேச்சில்லை. என் அகந்தை என்னும் மலையைத் தொடாமல், அதைச் சுற்றி நியாயங்களை வளைத்து வளைத்து வழி அமைத்துக்கொண்டு, அவ்வழியே ஒவ்வொரு ஞாயிறும் திருப்பலி அப்பமாகிய நற்கருணை வாங்கச் சென்றுகொண்டிருந்தேன். அத்திருவிருந்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்தே உணவருந்தாதிருக்கும் ஒழுங்கை நான் தவறவிட்டதே இல்லை. வயிற்றை ஆயத்தம் செய்வது அத்தனை எளிதாக இருந்தது!

ஆலயத்தில் முழந்தாளிட்டபோது செபம் வரவில்லை. சகோதரனுக்கு உன்மேல் மனத்தாங்கல் உண்டென்று நினைவுக்கு வந்தால் காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்று மலைப்பொழிவில் ஆண்டவர் சொன்னதே திரும்பத் திரும்ப நினைவில் எழுந்தது. மனத்தாங்கல் எனக்கு அண்ணன்மேல் என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன்; அவருக்கும் என்மேல் இருக்கும் என்று அன்றுதான் உணர்ந்தேன்.

இறங்கியதும் நேரே அண்ணன் வீட்டுக்குச் சென்றேன். கதவைத் திறந்தவர் சற்று நேரம் பேசவில்லை. “மன்னிச்சிருங்கண்ணே” என்றேன். “மலையில இருந்தா வர்ற? உள்ள வாப்பா, பனியில நிக்காத” என்றார். நிலத்தைப் பற்றி அன்று இருவருமே பேசவில்லை.

அந்த வாரத்திலேயே அருட்தந்தையிடம் பாவங்களை அறிக்கையிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அடுத்த ஞாயிறு மூன்றாம் மெழுகுவர்த்தி ஏற்றப்பட்டது. “ஆண்டவரே, நீர் என் உள்ளத்தில் எழுந்தருளி வர நான் தகுதியற்றவன்” என்று சபையார் சொன்னபோது, எத்தனையோ ஆண்டுகளாக வேகமாக ஒப்பித்துவந்த அச்சொற்களை, அண்ணனுக்குப் பக்கத்தில் நின்று, மெதுவாகச் சொன்னேன்.