பழனிப் பாதையில் ஓரிலைச் சோறு

தைப்பூசத்தன்று மதுரையில் தெப்பத் திருவிழா. திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய வண்டியூர்த் தெப்பக்குளத்தில் மீனாட்சியும் சொக்கரும் வலம் வருவதைப் பார்க்க ஊரே திரண்டு நிற்கும். மாலை போட்ட வருடங்களில் அந்தக் கூட்டத்தில் நாங்கள் இருப்பதில்லை, பழனியில் இருப்போம். அதனால் கிளம்புவதற்கு முன்னால் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, "தாயே, உன் பிள்ளையைப் பார்த்துட்டு வர்றோம்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் நடையைத் தொடங்குவோம்.

மதுரையிலிருந்து பழனி சுமார் 120 கிலோமீட்டர். பரவை, சமயநல்லூர், வாடிப்பட்டி, கொடைரோடு, சின்னாளப்பட்டி, திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று போகிறது பாதை. எங்கள் குழுவில் ஆட்டோ ஓட்டுகிறவர் உண்டு, பூக்கடை வைத்திருப்பவர் உண்டு, வங்கியில் வேலை பார்ப்பவர் உண்டு. மாலை போட்டதிலிருந்து எல்லோரும் 'சாமி'தான். ஆனாலும் பரவை தாண்டும் வரைக்கும் அவரவர் தெரிந்தவரோடுதான் பேசிக்கொண்டு நடப்பார்கள். முதல் வேளைச் சோற்றில்தான் அது மாறும்.

எங்கள் குருசாமி வைத்திருக்கும் வழக்கம் இது. முதல் வேளைக்குக் கடையிலும் சாப்பிடக்கூடாது, பந்தலிலும் சாப்பிடக்கூடாது. சாலையோர வேப்பமரத்தடியில் தலைவாழை இலைகளை ஒன்றன்மேல் ஒன்று படும்படி விரித்து, எல்லோர் வீட்டுக் கட்டுச்சோற்றையும் அதில் கொட்டச் சொல்வார். எல்லாமே பெரும்பாலும் புளியோதரைதான். ஆனால் ஒரு வீட்டுச் சோறு நல்லெண்ணெயில் மினுங்கும். இன்னொரு வீட்டுச் சோற்றில் வறுத்த எள்ளுப்பொடி வாசம் தூக்கலாக இருக்கும். மற்றொன்றில் நிலக்கடலை கைக்குக் கை தட்டுப்படும். குருசாமி உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் பிசைந்து, உருண்டை உருட்டி, தேங்காய்த் துவையலைத் தொட்டு ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். ஒருமுறை அப்பாவோடு வந்த சின்னப் பையன், "எங்கம்மா செஞ்ச சோறு எங்க?" என்று தேடினான். "எல்லார் கையிலயும் இருக்கு சாமி" என்றார் குருசாமி. அதற்கப்புறம் யார் யாருக்குத் தண்ணீர் தருகிறார்கள், யார் பையை யார் சுமக்கிறார்கள் என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை.

வெயில் தாழ்ந்து நடந்தால்தான் காலுக்கு நல்லது. இரவில் பாட்டும் அரோகராவும்தான் துணை. வாடிப்பட்டியை நெருங்கும்போது சாலையோரத்தில் ஒரு வயதான அம்மா சுக்குமல்லிக் காபி தருவார். பெரிய பந்தல் கிடையாது. ஒரு பெஞ்சு, ஒரு விறகடுப்பு, கருப்பட்டி வாசம் வீசும் ஒரு குண்டான், அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு அகலப் பாத்திரத்தில் உப்புப் போட்ட வெந்நீர் இருக்கும். ஒவ்வொரு சாமி பாதத்தை அதில் வைப்பதற்கு முன்னாலும் அந்த அம்மா தன் கையை விட்டுச் சூடு பார்ப்பார். "எனக்கு முட்டி ரெண்டும் போச்சு சாமி. நீங்க குடிச்சிட்டு நடந்தா நானே நடந்த மாதிரி. மேல போயி எம் பேரையும் முருகன்கிட்ட சொல்லிருங்க" என்பார்.

பாதயாத்திரையில் நான் உறுதியாக நம்புவது இதைத்தான். நடக்கிறவரின் வேண்டுதலில் பாதி, சோறு போடுகிறவருடையது. அதனால் பந்தலில் கூப்பிட்டால் "வயிறு நிறைஞ்சிருக்கு" என்று தாண்டிப் போகாதீர்கள். ஒரு கைப்பிடி வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நடங்கள். அதே நேரம் தட்டு நிறைய வாங்கி, பாதியைச் சாலையோரத்தில் கொட்டுவதும் வேண்டாம். விடியற்காலையிலிருந்து அடுப்படியில் வெந்தவர்களின் உழைப்பு அது. பையில் ஒரு சில்வர் தட்டும் தம்ளரும் இருந்தால் காகிதத் தட்டுக் குப்பையும் மிஞ்சாது. அப்புறம், பகலில் தயிர்சாதம் அதிகம் வேண்டாம். கண் சொக்கும், கால் நகராது.

திண்டுக்கல்லில் பாதை நிறைந்துவிடும். செட்டிநாட்டு நகரத்தார் குன்றக்குடி, நத்தம் வழியாகக் காவடி எடுத்து வந்து சேர்வது இங்கேதான். தலைமுறை தலைமுறையாக வரும் காவடி. ஓரமாக ஒதுங்கி நின்று கும்பிட்டுவிட்டுத்தான் நடப்போம். பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடி, கொய்யாவுக்குப் பேர்போன ஊர். தோட்டத்துக்காரர்கள் கூடையோடு நின்று கையில் திணிப்பார்கள். ஒரு பழத்துக்காகக் கோபித்துக்கொண்டு மலையேறிய பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு வழியெல்லாம் பழம் கிடைக்கிறது. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

சண்முக நதியில் குளித்து, திருவாவினன்குடியில் கும்பிட்டு, மலையைச் சுற்றி வந்த பிறகு மேலே ஏறுவோம். படி வழியாகப் போனால் 693 படிகள். கால் வெடித்தவர்களுக்காக நாங்கள் யானைப்பாதையில்தான் போவது. பூசக் கூட்டத்தில் சன்னதியில் நிற்க விடுவது சில நொடிதான். பால் அபிஷேகமோ ராஜ அலங்காரமோ, கண் நிறைவதற்குள் நகர வேண்டும். அதனால் வழியில் சோறும் தண்ணீரும் தந்தவர்கள் சொல்லியனுப்பிய பெயர்களை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டு, ஏறும்போதே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஏறுவோம். ஒருவர் மறந்தால் இன்னொருவர் எடுத்துக்கொடுப்பார்.

தரிசனம் முடிந்து, மண்டபத்தில் உட்கார்ந்து ஒரு டப்பா பஞ்சாமிர்தத்தைப் பிரிப்போம். மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, நெய், தேன், ஏலக்காய் எல்லாம் சேர்ந்த அந்த ருசியில், துளி தண்ணீர் சேர்வதில்லை. குருசாமி விரலால் எடுத்து ஒவ்வொருவர் கையிலும் வைப்பார். வீட்டுக்கு வாங்கும்போது வாடிப்பட்டி அம்மாவுக்கு ஒரு டப்பா தனியாக வாங்கிவிடுவோம். திரும்பி வரும் பஸ் அங்கே நிற்காது. சமயநல்லூர் சாமி மறு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்.