பீரியட்ஸ் வராத மாதங்களில் கருப்பைக்குள் என்ன நடக்கிறது?

பிசிஓஎஸ் (ஹார்மோன் சமநிலை மாறி, கருமுட்டை மாதாமாதம் ஒழுங்காக வெளியாகாமல் போகும் பிரச்சினை) என்றாலே பேச்சு முகப்பரு, எடை, குழந்தை என்று இந்த மூன்றையே சுற்றி வந்து நின்றுவிடுகிறது. நாலு மாதமாகப் பீரியட்ஸ் வரவில்லை என்று சொல்லும் பெண்ணிடம் ‘குழந்தை வேணும்னு நினைக்கும்போது பார்த்துக்கலாம்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள், அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுத்தவருக்கும் கருப்பை இருக்கிறதே?

ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கருப்பையின் உட்சவ்வை வளர்க்கும். கருமுட்டை வெளியான பிறகு சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன் அந்த வளர்ச்சிக்குத் தடை போடும், அதன் அளவு இறங்கும்போது சவ்வு உதிர்ந்து பீரியட்ஸாக வரும். முட்டையே வெளியாகாத மாதங்களில் இந்தத் தடை கிடையாது. ஈஸ்ட்ரோஜன் மட்டும் விடாமல் தூண்டிக்கொண்டிருக்க, உட்சவ்வு தடித்துக்கொண்டே போகும். சிலருக்கு அது ஹைப்பர்பிளேசியா, அதாவது செல்கள் அளவுக்கு மீறிப் பெருகிய நிலை ஆகிறது, அதிலும் செல்களின் இயல்பே மாறியிருந்தால் அது புற்றுநோய்க்கு முந்தைய நிலை.

அப்புறம் இன்சுலின். இன்சுலின் எதிர்ப்பு (உடல் செல்கள் இன்சுலினுக்குச் சரியாக இணங்காத நிலை) உள்ளவர்களுக்கு ரத்தத்தில் இன்சுலின் அளவு கூடியிருக்கும், அதுவும் தன் பங்குக்கு உட்சவ்வின் செல் பெருக்கத்தைத் தூண்டும். கொழுப்புத் திசுவில் இருக்கும் அரோமடேஸ் என்ற நொதி ஆண் ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றும். மாதவிடாய் நின்ற பிறகு உடலுக்கு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் இந்த வழியில்தான் கிடைக்கிறது, அந்த வயதில் உடல் பருமன் மார்பகப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் உடல் பருமனோடு தொடர்புள்ளவை என்று 13 வகைப் புற்றுநோய்களைச் சொன்னது, கருப்பை உட்சவ்வும் சினைப்பையும் அதில் உண்டு. அதற்காக ‘எடையைக் குறை’ என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது, ஒல்லியாக இருப்பவருக்கும் முட்டை வெளியாகாமல் போகலாம்.

பயமுறுத்த இதை எழுதவில்லை. பிசிஓஎஸ் உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் வருவதில்லை, தடுக்க வழியும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் பீரியட்ஸ் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, சில நாட்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மாத்திரை கொடுத்து உட்சவ்வை உதிர வைப்பார்கள். கருத்தடை மாத்திரை, கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம் இரண்டுமே உட்சவ்வுக்குப் பாதுகாப்புதான், யாருக்கு எது சரி என்பதை டாக்டரிடமே கேளுங்கள்.

மாதவிடாய் நின்று ஒரு வருடத்துக்கு மேல் ஆனவர்கள், உள்ளாடையில் ஒரு பழுப்புக் கறை பட்டால்கூட ‘சூடு’ என்று விட்டுவிடாதீர்கள். உட்சவ்வின் தடிமனை ஸ்கேனில் அளப்பார்கள், 4 மி.மீ.க்கு மேல் இருந்தால் பொதுவாக பயாப்ஸி (சிறு திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) கேட்பார்கள். கேட்டால் தள்ளிப்போடாமல் எடுத்துவிடுங்கள்.