காட்டுப்பன்னியைக் கண்டுபிடிக்கும் நாயைத் தூரம் விட்டுப் பழக்கியது: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துக் குறிப்பு

ஆளைச் சுற்றி ஐம்பது மீட்டருக்குள்ளேயே வட்டம் போட்டுக்கொண்டிருந்த இரண்டு நாய்கள் இப்போது நானூறு மீட்டர் வரை தனியாகப் போகின்றன. பன்னி வாடை இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே நின்று சில நிமிடம் குரைக்கின்றன. ஒன்று செவலை, கோம்பைக் கலப்புப் பெட்டை. இன்னொன்று மணி, சாதாரண நாட்டுக் கடுவன். இரண்டுக்கும் என்ன பலித்தது, எது பலிக்கவில்லை, ஏன் என்பதை எழுதி வைக்கிறோம்.

முதலில் சட்டம். இது தெரியாமல் நாயை அவிழ்த்துவிட்டால் நேராக வழக்குத்தான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்குக் கொடுக்கும் விளக்கத்தில் சுடுவது மட்டுமல்ல, துரத்துவதும் ஓட்டுவதும் அடங்கும். கேரளத்தில் 2022 மே மாத உத்தரவுக்குப் பிறகு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்னியைச் சுட உள்ளாட்சித் தலைவரே அனுமதி கொடுக்கலாம். சுடுவது உரிமத் துப்பாக்கி வைத்திருப்பவர். விஷம், வெடி, கரண்ட் எதுவும் கூடாது. கறியைத் தொடக்கூடாது, புதைக்க வேண்டும். நாய் அந்த ஆட்களோடு போகலாமே தவிர, அனுமதி இல்லாத நாளில் "சும்மா பழக்கத்துக்கு" என்று உயிருள்ள பன்னி மேல் விடக்கூடாது. வெளிநாட்டில் பட்டியில் பன்னியை அடைத்து வைத்து நாயைக் குரைக்கப் பழக்குவார்கள். இங்கே காட்டுப்பன்னியைப் பிடித்து அடைப்பதே குற்றம். அதனால் எங்கள் பழக்கம் முழுவதும் வாடையை வைத்துத்தான். நாய் கடிக்கவும் வேண்டாம், பிடிக்கவும் வேண்டாம். கண்டுபிடித்து நின்று குரைத்தால் போதும். பன்னியின் தேற்றை (கோரைப்பல்) பட்டுக் கிழிந்த நாயைத் தைத்துக்கொண்டிருப்பதில் பெருமை ஒன்றுமில்லை.

நாய் ஏன் தூரம் போவதில்லை? சோம்பல், பயம் என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் ஆளின் சட்டைப்பையில் இருக்கிறது. குட்டியிலிருந்து ஈரல் துண்டு, தடவல், "சபாஷ்" எல்லாம் நம் கையிலிருந்தே கிடைத்திருந்தால், நாய் அந்தக் கையைச் சுற்றித்தான் வரும். "போ, போ" என்று கத்தினாலும் நம் குரல் அதை நம் பக்கமே இழுக்கும். ஆகவே தின்பது தூரத்தில் கிடைக்க வேண்டும், ஆள் வாயை மூடிக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்குக் கீழேதான்.

அதற்கு முன் ஒரு நிபந்தனை: விசில் அடித்தால் வர வேண்டும். பத்து மீட்டர் கயிற்றில் பழக்கி, பிறகு முப்பது மீட்டர் கயிறு, அப்புறம் ஆடு மேயும் இடத்தில். பத்துக்கு ஒன்பது தடவை வராத நாயின் கயிற்றை அவிழ்க்கவே வேண்டாம். வந்ததும் உடனே கட்டிவிடுவது பெரிய கெடுதல். விசில் என்றால் ஆட்டம் முடிந்தது என்று நாய் படித்துக்கொள்ளும். வந்ததும் ஒரு வாய் தண்ணீர், மறுபடி போக விடுவது என்று வைத்துக்கொண்டால் வருகை கெடாது.

வாடைக்கு வீட்டுப் பன்னியே போதும், இனம் ஒன்றுதான். பண்ணைக் கொட்டிலில் இரண்டு நாள் போட்டு மூத்திரமும் சேறும் ஊறிய கோணிச்சாக்கைத் துண்டு துண்டாக வெட்டி, மூடி இறுகும் டப்பாவில் வைத்திருக்கிறோம். ஒரே பண்ணையிலிருந்து மட்டும் எடுக்கிறோம், பயன்படுத்திய துண்டை எரித்துவிடுகிறோம். 2022 ஜூலையில் வயநாட்டில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் உறுதியானது நினைவிருக்கும். அது நாய்க்கு வராது. ஆனால் சாக்கிலும் செருப்பிலும் நாய்க் காலிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த பண்ணைக்குப் போகும். சாக்கை மண்ணில் இழுத்துத் தடம் போடும் முறையை ஆரம்பத்தில் தவிர்த்தோம். இழுத்த தடத்தில் பழகிய நாய் மூக்கைத் தரையிலேயே வைத்துக்கொண்டு மெதுவாகப் போகும். தூரம் போக வேண்டிய நாய் தலையைத் தூக்கிக் காற்றில் பிடிக்க வேண்டும்.

செய்த விதம் இது. மூடியில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் சாக்குத் துண்டு. பெட்டி கிளுவை வேலிக்கு அடியில். பக்கத்தில் ஒருவர் வரப்புக்குப் பின்னால் படுத்திருப்பார், அவரிடம் வேக வைத்த கோழி ஈரல். காற்று பெட்டியிலிருந்து நாய்ப் பக்கம் வர வேண்டும். நாயை நேராகப் பெட்டியைப் பார்த்து விடாமல், காற்றுக்குக் குறுக்கே நடக்கவிட்டால் ஓரிடத்தில் தலை வெட்டென்று திரும்பும், வாலாட்டம் மாறும். அங்கிருந்து நாய் தானாகப் போகும். போய்ச் சேர்ந்து மோப்பம் பிடித்ததும் வரப்புக்காரர் எழுந்து ஈரலைப் பெட்டி மேலேயே போடுவார். விட்ட ஆள் நின்ற இடத்திலேயே நிற்பார், பேச மாட்டார்.

முதலில் 40 மீட்டர். அடுத்து 80, 150, 250, 400. தொடர்ந்து மூன்று தடவை திரும்பிப் பார்க்காமல் போனால்தான் அடுத்த தூரம். தடுமாறினால் முந்தைய தூரத்துக்குப் போகிறோமே ஒழிய, கூட நடந்துபோய்க் காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு தடவை காட்டிக்கொடுத்தால் அடுத்த தடவை அது நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு காலைக்கு இரண்டு கண்டுபிடிப்பு போதும், வாரத்துக்கு மூன்று காலை. 250 தாண்டிய பிறகே நாலில் ஒன்று வெறும் ஓட்டம், அதாவது பெட்டியே இல்லாமல். அடுத்தடுத்து இரண்டு வெறும் ஓட்டம் வைத்தால் நாய் நம்பிக்கை இழந்துவிடும். வெறும் ஓட்டமே வைக்காமல் விட்டாலும் சிக்கல்தான். உண்மையான வேலையில் பாதித் தோட்டங்களில் பன்னி இருக்காது, அதற்கும் நாய் பழகியிருக்க வேண்டும்.

மணி 80ஐ ஒரே பாய்ச்சலில் தாண்டியது, 150இல் அதிசயமாக நன்றாகப் போனது. சந்தேகம் வந்து பார்த்தால், பன்னி வாடையை விட்டுவிட்டுப் பெட்டியை வைக்கப்போன ஆளின் காலடியைப் பிடித்துப் போய்க்கொண்டிருந்தது. வாடைப் பழக்கத்தில் எல்லா இடத்திலும் வரும் தொல்லை இது. பெட்டியை முதல் நாள் சாயங்காலமே வைத்துவிட்டு, வரப்புக்காரர் மறுபக்க இட்டேரி வழியாகச் சுற்றி பைக்கில் வந்து இறங்கினால் தீரும். அப்படி மாற்றியதும் மணி மறுபடி 80க்கு இறங்கி, அங்கிருந்து நிஜமாக ஏறியது. செவலை மெதுவாக ஏறியதே தவிர இந்த ஏமாற்று வேலை செய்யவில்லை.

நாய் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து முகத்தைப் பார்க்கும்போது என்ன செய்வது என்பதில்தான் பலருக்குக் கெடுகிறது. ஒன்றும் செய்யக்கூடாது. கண்ணைப் பார்க்காமல், தொடாமல், பெயர் சொல்லாமல் வரப்பில் உட்கார்ந்திருந்தால் ஓரிரு நிமிடத்தில் மறுபடி கிளம்பும். ஆள் பின்னாலேயே நடந்தாலும் கெடும். நாம் நகர நகர நாய் தன் வட்டத்தை நம்மோடு நகர்த்திக்கொள்ளும், வட்டம் பெரிதாகாது. அரை மணி நேரத்தில் எத்தனை தடவை திரும்பி வருகிறது என்பதை ஒவ்வொரு காலையும் குறித்து வைப்பது நல்லது. அதிகபட்ச தூரத்தைவிட நாயின் மனசை நன்றாகக் காட்டும் கணக்கு அது.

இரண்டையும் சேர்த்து விட்டால் தூரம் கூடும் என்று தோன்றும். கூடாது. சின்னது பெரியதின் வாலைப் பிடித்துக்கொண்டு போகும், மூக்கை உபயோகிக்காது. தனித்தனியாக 250 வரும்வரை சேர்ப்பதில்லை என்பது எங்கள் கணக்கு. சிப்பிப்பாறை, கன்னி நாய்கள் வைத்திருப்பவர்கள் அது கண் பார்த்து ஓடும் சாதி என்பதை மறக்க வேண்டாம். திறந்த வெளியில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும், கரும்புக்காட்டுக்குள் ஒன்றும் செய்யாது.

தூரத்தைவிட நின்று குரைப்பதுதான் கஷ்டம். நானூறு மீட்டரைக் கரும்புக்குள்ளும் சோளத்தட்டுக்குள்ளும் கடந்துபோக ஆட்களுக்குக் கால் மணி நேரம் ஆகும். மூன்று நிமிடம் குரைத்துவிட்டுத் திரும்பும் நாய் எவ்வளவு தூரம் போனாலும் வீண். பெட்டியைக் கண்டதும் ஈரல் கொடுப்பதை நிறுத்தி, குரைத்தால்தான் என்று மாற்றினோம். முதலில் ஒரு குரைப்புக்கே. பிறகு பத்து விநாடி, அரை நிமிடம், ஒன்று, மூன்று, பத்து நிமிடம். ஏறிக்கொண்டே போனால் நாய் அலுத்துவிடும், அதனால் நடுநடுவே சட்டென்று கொடுத்துவிட வேண்டும். நேரத்தை நீட்டும் காலையில் தூரத்தைக் குறைத்துவிடுகிறோம். இரண்டையும் ஒரே நாளில் ஏற்றினால் இரண்டும் உடையும். செவலை பத்து நிமிடம் நிற்கிறது. மணி ஆறேழு நிமிடத்தில் தொண்டை கம்மி, சுற்றிப் பார்க்க ஆரம்பிக்கிறது.

காற்று. பாலக்காட்டுக் கணவாயில் இருக்கும் நமக்கு இது வரம், பாதி நேரம் சாபம். ஆடியில் மேற்குக் காற்று, மார்கழி, தையில் கிழக்குக் காற்று. ஆள் எப்போதும் காற்று வந்து சேரும் பக்கம் நிற்க வேண்டும். வாடையும் நம் பக்கம் வரும், குரைப்புச் சத்தமும் நம் பக்கம் வரும். ஆடியில் கிழக்கே நின்று மேற்கே விடுகிறோம். அப்போது நாய் மாநில எல்லைக்கு முதுகு காட்டிப் போகும். மார்கழியில் தலைகீழ். மேற்கே நின்று கிழக்கே விட்டால் வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்துத் தோட்டங்களில் நாலு வரப்பு தாண்டினால் தமிழ்நாடு. கேரள உத்தரவு அங்கே செல்லாது, தமிழ்நாட்டு விதிகளே வேறு. அதனால் மார்கழியில் எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டராவது உள்ளே இருக்கும் தோட்டத்தில் மட்டுமே 400 விடுகிறோம். காப்புக்காடு ஓரத்திலும் இதே கணக்குத்தான். ஆடிக்காற்று உச்சத்தில் வாடை துண்டு துண்டாகச் சிதறும், 150க்கு மேல் நாய்க்கு நியாயமில்லை. விடியற்காலை, பனி இறங்கிய மண், லேசான காற்று என்றால் அதுதான் நல்ல காலை. எட்டு மணிக்கு மேல் வெயிலில் ஓட்டுவதில்லை. நாயின் உடல் சூடு சாதாரணமாக 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 41ஐத் தொட்டால் உயிருக்கு ஆபத்து, வயிற்றிலும் தொடை இடுக்கிலும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே வைத்தியரிடம் போக வேண்டும்.

தூரம் போகும் நாய் நம் கண்ணுக்கு அப்பால் சாகும் வழிகளும் கூடும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறுகள் முதலில். விடும் தோட்டத்தையும் சுற்றிலும் அரைக் கிலோமீட்டரையும் பகலில் நடந்து பார்த்து, கிணற்றையெல்லாம் போன் வரைபடத்தில் குறித்து வைக்க வேண்டும். மூலத்தறை வலதுகரைக் கால்வாய் போலக் காரை போட்ட வாய்க்காலில் தண்ணீர் ஓடும் நாட்களில் விழுந்த நாய் கரையேற முடியாது. அடுத்து திருட்டுக் கரண்ட் வேலி, அவுட்டுக்காய் (தீனிக்குள் வைக்கும் நாட்டு வெடி), சுருக்குக் கண்ணி. பக்கத்துத் தோட்டக்காரரிடம் முகத்துக்கு நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை, "நாய் வருதுங்க" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் பெரும்பாலும் மறைக்க மாட்டார்கள். மயிலும் உடும்பும் எங்கும் உண்டு, இரண்டும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிர்கள். மயில் பின்னால் ஓடும் நாயைத் தூரம் விடவே கூடாது. கயிற்றிலேயே வைத்து, மயிலைப் பார்த்துவிட்டு நம் பக்கம் திரும்பும் ஒவ்வொரு தடவையும் தின்பது கொடுத்துத்தான் இதைத் தீர்த்தோம். ஷாக் காலர் பயன்படுத்தவில்லை. தூரத்தில் ஷாக் வாங்கிய நாய் தூரத்தையே வெறுக்கும்.

இருப்பிடம் காட்டும் காலர் இல்லாமல் 150க்கு மேல் போகவேண்டாம். வெளிநாட்டு வேட்டைக் காலர்கள் பல 151 முதல் 154 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைவரிசையில் வேலை செய்பவை. இங்கே அதை உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. 865–867 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் லோரா (சிம் இல்லாமல் ரேடியோவில் தூரம் அனுப்பும்) கருவிகளுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சிம் போடும் கருவி மலிவு, ஆனால் டவர் பலவீனமான பள்ளத்தில் நாய் முன்பு இருந்த இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். காலர் கழுத்தில் இரண்டு விரல் நுழையும் இறுக்கம் இருந்தால் சரி. ஒளிரும் பட்டை கட்டாயம்.

ரேபிஸ், லெப்டோ (எலிக்காய்ச்சல்) ஊசி வருடா வருடம். எலியும் பன்னியும் புழங்கும் சேற்றில் போகும் நாய்க்கு லெப்டோவைத் தள்ளிப்போட முடியாது. ஓட்டத்துக்கு முன்னால் வயிறு நிறையச் சோறு வேண்டாம், முடிந்து மூச்சு அடங்கி ஒரு மணி நேரம் கழித்துப் போடலாம். பச்சைப் பன்னிக்கறி எந்தக் காரணத்துக்கும் கூடாது. ஓடி வந்ததும் விரல் இடுக்கு, காது, அக்குள் மூன்றையும் உண்ணிக்காகப் பார்க்க வேண்டும்.

அடுத்து இரண்டையும் ஜோடியாக 250இல் விட்டுப் பார்க்கப் போகிறோம், பெட்டியிடம் செவலை முதலில் போய்ச் சேரும்படி மணியை இரண்டு நிமிடம் தாமதமாக அவிழ்த்து. மணி போய்ச் சேர்ந்து கூடக் குரைத்தால் ஜோடி தேறும். செவலையைத் தள்ளிவிட்டுப் பெட்டியைப் பிடுங்கினால் மறுபடி தனித்தனிதான். 400க்கு மேல் ஏற்றும் எண்ணம் இல்லை. இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் அகலத்துக்கு அதற்கு மேல் போகும் நாய் அடுத்தவர் நிலத்தில்தான் நிற்கும்.