கார்கிலுக்கென்று கொடுத்த ரத்தம்

கார்கில் சண்டை நடந்த 1999ல் நான் திருச்சியில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மே 29 அன்று படாலிக் பகுதியில் உயிர்விட்ட மேஜர் சரவணன் எங்கள் ஊர்க்காரர். ஒரு மாதத்துக்கு மேல் அவர் உடலை மலையிலிருந்து மீட்க முடியவில்லை. அந்த நாட்களில்தான் என்.எஸ்.எஸ். ரத்ததான முகாம் என்று கல்லூரிப் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். மதியத்துக்குள் பெயர்ப்பட்டியல் நிரம்பிவிட்டது.

வீட்டில் சம்மதம் வாங்குவதுதான் பெரும்பாடு. "வயசுப் புள்ள, மாசாமாசம் போறது போதாதா?" என்றார் அம்மா. அப்பா செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "பட்டாளத்துக்குத்தானே, குடுக்கட்டும்" என்றதும் பேச்சு முடிந்தது.

முகாமில் முதலில் ஒரு படிவம்: மஞ்சள்காமாலை வந்ததா, மலேரியா வந்ததா, மருந்து ஏதும் சாப்பிடுகிறாயா, மாதவிலக்கு நாளா. அடுத்தது எடை. 45 கிலோவுக்குக் கீழே என்றால் அங்கேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு விரல்நுனியில் குத்தி, ஒரு சொட்டை நீலநிறத் திரவத்தில் விட்டார்கள். அது காப்பர் சல்பேட் கரைசல். ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் சொட்டு நேராக அடிக்குப் போகும், குறைந்தால் மிதக்கும். என் சொட்டு இறங்கியது. பின்னால் நின்ற தோழியின் சொட்டு மேலேயே நின்றுவிட்டது.

அவளுடைய அண்ணன் ஜம்முவில் ராணுவத்தில் இருந்தார். "இன்னொரு தடவை பாருங்க மேடம்" என்று கெஞ்சினாள். மறு விரலிலும் குத்திப் பார்த்தார்கள். அதுவும் மிதந்தது. தேம்பித் தேம்பி அழுதவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, முகாம் மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். எங்கள் வகுப்பில் பாதிப் பெண்கள் அந்த நீலத் திரவத்தைத் தாண்டவில்லை. அதைக் கண்ட பிறகு எனக்குப் போரைவிட எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத்தட்டுகள் மேல்தான் கவலை வந்தது. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடும் பெண்களின் பிள்ளைகள் நாங்கள்.

ரத்தம் எடுக்கும் வேலை சீக்கிரம் முடிந்தது. ஊசி நுழையும்போது மட்டும் சுருக்கென்று இருக்கும். கையில் கொடுத்த பந்தை அழுத்தி அழுத்தி விட வேண்டும். உறைந்துபோகாமலிருக்கப் பைக்குள் இருந்த மருந்தோடு ரத்தம் கலக்கும்படி ஊழியர் பையைக் கையாலேயே ஆட்டிக்கொண்டிருந்தார். 350 மில்லி. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்த இடத்தில்தான் யாரோ கேட்டார்கள்: "டாக்டர், இது எப்ப கார்கில் போகும்?"

"போகாதும்மா. நாளைக்கு இங்கேயே பிரசவ வார்டுக்குப் போகும்."

சிலருக்கு முகம் வாடிவிட்டது. அவர் நின்று பொறுமையாக விளக்கினார். ரத்தத்தை 2 முதல் 6 டிகிரிக் குளிரில் வைக்க வேண்டும். அப்படி வைத்தாலும் 35 நாள்தான். எச்.ஐ.வி., மஞ்சள்காமாலை பி, பால்வினை நோய், மலேரியா எல்லாம் சோதித்த பிறகே ஏற்ற முடியும். படைக்கென்று தனியாக ரத்த வங்கிகள் உண்டு. காசு வாங்கி ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து உள்ளூர் ஆஸ்பத்திரிகள் தத்தளிக்கின்றன என்றார். அதோடு, வரிசையில் மீதியிருந்தவர்களை, "இன்னைக்கு இது போதும், குளிர்பெட்டி கொள்ளாது, அடுத்த மாசம் வாங்க" என்று அனுப்பிவிட்டார். பையன்கள் சத்தம் போட்டார்கள். அவர் செய்ததே சரி என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது. கெட்டுப்போய்க் கொட்டப்படுவதற்கா அத்தனை பேர் கையை நீட்டினார்கள்?

ஜூலை 26ல் போர் முடிந்தது. நம் தரப்பில் 527 பேர் இறந்தார்கள், 1,363 பேர் காயமடைந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. அடுத்த முறை கொடுக்க மூன்று மாதம் இடைவெளி வேண்டும் என்று அப்போது விதி இருந்ததால் அக்டோபரில் தோழியோடு ரத்த வங்கிக்கே நேராகப் போனேன். கட்டில்கள் காலியாகக் கிடந்தன. வாசலில், பிரசவத்துக்கு வந்த பெண்ணின் மாமனார், "பதிலுக்கு ரத்தம் குடுக்க ஆள் கூட்டிட்டு வரச் சொல்றாங்க" என்று போவோர் வருவோரிடமெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றார்.

இரண்டரை மாதம் மாத்திரையும் முருங்கைக்கீரையுமாக இருந்தவளின் சொட்டு இந்த முறை இறங்கியது. அவள் முதலில் படுத்தாள், அடுத்து நான். அந்தப் பெரியவரின் சீட்டில் எங்கள் இரண்டு பேரின் யூனிட்டையும் பதிந்துகொண்டார்கள்.

திரும்பி வந்ததும் வகுப்புப் பையன்களைப் பிடித்தோம். ஜூலையில் சத்தம் போட்டவர்கள்தான் முதலில் பெயர் கொடுத்தார்கள். யார், என்ன ரத்தவகை, எந்த மாதம் என்று ஒரு நோட்டில் எழுதி, எல்லோரும் ஒரே நாளில் போகாமல் மாதத்துக்கு ஐந்தாறு பேராகப் பிரித்தோம். தொடர்புக்கு விடுதி தொலைபேசி எண்ணைக் கொடுத்தோம். எளிதில் கிடைக்காத ஓ நெகட்டிவ் வகைக்காரர் இருவரின் பெயரை மட்டும் எந்த மாதத்திலும் சேர்க்கவில்லை. அவர்களை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளச் சொன்னவர் ரத்த வங்கி மேடம்தான்.