லெஸ்டர் பிகட்டின் பொறுமை

இங்கிலாந்தின் பந்தயக் குதிரை ஜாக்கி லெஸ்டர் பிகட்டின் உயரம் 5 அடி 8 அங்குலம். அவரைப் பற்றி எழுதும்போது வெற்றிக் கணக்குக்கு முன்னால் இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நான் கிண்டியில் தொழில் கற்று, இப்போது இங்கிலாந்தின் நியூமார்க்கெட்டில் ஒரு லாயத்தில் காலைப் பயிற்சிக்குக் குதிரை ஏறுகிறவன். எனக்கும் ஏறக்குறைய அதே உயரம். பந்தய ஜாக்கியாக வர ஆசைப்பட்டு, எடை ஒத்துழைக்காததால் பயிற்சி ஓட்டத்தோடு நின்றுவிட்டவர்கள் ஒவ்வொரு லாயத்திலும் இருக்கிறார்கள். அந்த 5 அடி 8 அங்குலத்துக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்த உயரமுள்ள ஆண் வயிறாரச் சாப்பிட்டு வாழ்ந்தால் அறுபது கிலோவைத் தாண்டிவிடுவார். பிகட் பல பத்தாண்டுகள் 8 ஸ்டோன் 5 பவுண்டு அளவில், அதாவது 53 கிலோவில், தன் உடம்பை நிறுத்தி வைத்திருந்தார். காபி, சுருட்டு, தட்டில் கொஞ்சம் உணவு என்று நாட்களைத் தள்ளினார். டெர்பி போன்ற பெரிய பந்தயத்தில் அவர் காலத்தில் ஆண் குதிரை சுமந்தது 9 ஸ்டோன், 57 கிலோ. அதற்கு மட்டும் என்றால் இவ்வளவு பட்டினி வேண்டியதில்லை. ஆனால் சாம்பியன் ஜாக்கி பட்டம் ஒரு பருவத்தின் மொத்த வெற்றிகளை எண்ணித் தரப்படுவது. அன்றாடம் நடக்கும் ஹேண்டிகேப் பந்தயங்களில் வல்ல குதிரைக்கு அதிக எடையும் எளிய குதிரைக்குக் குறைந்த எடையும் விதிப்பார்கள். ஜாக்கியும் சேணமும் சேர்ந்து அந்த எடைக்குள் அடங்க வேண்டும். குறைந்தால் ஈயத் தகடு வைத்துச் சரிசெய்யலாம், கூடினால் வழியே இல்லை. உடம்பில் ஏறும் ஒவ்வொரு பவுண்டும் சில குதிரைகளைக் கையைவிட்டுப் போகச் செய்யும். அதனால்தான் அவர் பட்டினி கிடந்தார். 1960-ல் முதல் பட்டம், 1964 முதல் 1971 வரை தொடர்ச்சியாக எட்டு, பிறகு 1981, 1982 என்று மொத்தம் 11 பட்டங்கள். கடைசிப் பட்டம் வாங்கியபோது வயது நாற்பத்தாறைத் தாண்டியிருந்தது.

அந்த நீண்ட உடம்பைக் குதிரைமேல் எங்கே வைத்துக்கொள்வது என்பதும் ஒரு சிக்கல்தான். பிகட் கால் வைக்கும் வளையமான அங்கவடியை மிகவும் உயரத்தில் கட்டிக்கொண்டு, பின்புறம் வானத்தைப் பார்க்க, தலை குதிரையின் பிடரியை ஒட்டியிருக்க ஓட்டினார். பழைய படங்களில் பார்க்க அழகாக இருக்கும். ஏறிப் பார்த்தால்தான் அதன் கடுமை தெரியும். அங்கவடியை அவ்வளவு உயர்த்தினால் முழங்கால் சேணத்தின் மேல் விளிம்புக்கு வந்துவிடுகிறது. தொடையால் குதிரையைப் பற்ற முடியாது. கணுக்காலும் கெண்டைக்காலின் சிறு பகுதியும்தான் குதிரை உடம்பில் படும். மற்றதெல்லாம் சமநிலை. குதிரை ஓர் அடி பிசகினால் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. இரண்டு ஃபர்லாங், அதாவது நானூறு மீட்டர், போவதற்குள் தொடை எரியத் தொடங்கும். இந்த நிலையில் அவர் ஒரு நாளைக்கு ஐந்து ஆறு பந்தயங்கள் ஓட்டினார்.

குதிரை அவர் ரத்தத்திலேயே இருந்தது. 1935-ல் பிறந்தார். தாத்தா எர்னி, தடை தாண்டும் பந்தயங்களில் உச்சமான கிராண்ட் நேஷனலை வென்ற ஜாக்கி. அப்பா கீத்தும் தடைப் பந்தய ஜாக்கி, பிறகு பயிற்சியாளர். தாயார் பிறந்த ரிக்கபி குடும்பமும் ஜாக்கிகளின் குடும்பம். 1948 ஆகஸ்ட் மாதம், பன்னிரண்டு வயதில், ஹேடாக் மைதானத்தில் ‘தி சேஸ்’ என்ற குதிரையில் முதல் வெற்றி. 1954-ல் பதினெட்டு வயதில் ‘நெவர் சே டை’ மீது முதல் டெர்பி. அந்தக் குதிரைக்குப் பந்தயப் பணம் வாங்குகிறவர்கள் கொடுத்த விகிதம் 33-க்கு 1, அதாவது அது வெல்லும் என்று அநேகமாக யாரும் நினைக்கவில்லை. அதே மாதம் ராயல் ஆஸ்காட்டில் அதே குதிரையை ஆபத்தாக ஓட்டினார் என்று உரிமத்தைப் பறித்தார்கள். அப்பாவின் லாயத்தை விட்டுவிட்டு வேறொருவரிடம் வேலை செய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் வந்தது. இடைவெளி இருந்தால் உள்ளே புகுந்துவிட வேண்டும் என்ற வேகம் அந்த வயதில் அவருக்கு அவ்வளவு இருந்தது.

காது சரியாகக் கேட்காது, பேச்சும் தடுமாறும். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். அதனால் அவர் அதிகம் பேசவில்லை. ஒதுங்கிப் போகிறவர், கல் நெஞ்சக்காரர் என்றெல்லாம் பத்திரிகைகள் எழுதின. குதிரைகளோடு பழகுகிறவனாக எனக்கு அது வேறு மாதிரித் தோன்றுகிறது. காது கொடுக்காததைக் கண் ஈடுகட்டியது. ஒரு குதிரை சுற்றுத் திடலில் நடப்பதைப் பார்த்தே அது எத்தனை தூரம் தாங்கும் என்று கணித்துவிடுவார் என்பதில் அந்தக் காலத்துப் பயிற்சியாளர்களுக்கு மாற்றுக் கருத்து இருந்ததில்லை.

இந்தக் கண் இருந்ததால்தான் அவர் யாரிடமும் கட்டுப்பட்டு நிற்கவும் இல்லை. ஜாக்கி கார்டன் ரிச்சர்ட்ஸ் ஓய்வு பெற்றதும் பயிற்சியாளர் நோயல் மர்லஸின் லாயத்துக்கு முதல் ஜாக்கியாகப் போனார். கிரெப்பெல்லோ, செயின்ட் பேடி என்ற குதிரைகளில் இரண்டு டெர்பிகள் அங்கே கிடைத்தன. பெண் குதிரைகளுக்கான 1966 ஓக்ஸ் பந்தயத்தில் மர்லஸின் வரினியாவை விட்டுவிட்டு, அயர்லாந்தின் வின்சென்ட் ஓப்ரையன் பயிற்றுவித்த வலோரிஸில் ஏறினார். வலோரிஸ் வென்றது, வரினியா மூன்றாவதாக வந்தது. அத்தோடு அந்த உறவு முறிந்தது. நிலையான சம்பள ஒப்பந்தத்தை விட்டு, பந்தயத்துக்குப் பந்தயம் குதிரையைத் தேர்ந்துகொள்ளும் சுதந்திர ஜாக்கியாக நிற்பது அன்றைக்கு யாரும் துணியாத காரியம். அந்த ஆண்டு அவர் வென்ற பந்தயங்கள் 191.

பிறகு ஓப்ரையன். இந்த இருவரும் சேர்ந்த காலத்துக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போகிறேன். 1968 டெர்பியில் சர் ஐவர். அந்தக் குதிரைக்கு வேகம் அபாரம், ஆனால் ஒன்றரை மைல் தாங்குமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. எப்சம் மைதானமோ சாதாரண மைதானம் அல்ல. ஓட்டத்தின் முதல் பாதி மேட்டில் ஏறுகிறது. பிறகு டாட்டன்ஹாம் வளைவை நோக்கிச் சரிவில் இறங்குகிறது. பந்தயம் இல்லாத நாளில் அந்தப் புல்வெளியில் நடந்து பார்த்திருக்கிறேன். நேர் ஓட்டத்தில் தரை இடது பக்கக் கம்பியை நோக்கிச் சாய்ந்திருப்பதைப் பாதமே உணர்கிறது. களைத்த குதிரை தன்னையறியாமல் உள்பக்கம் சரியும். அங்கே முந்தி வேகமெடுத்தவர்கள் கடைசி நூறு கெஜத்தில் குதிரையை நேராக வைத்துக்கொள்ளவே போராட வேண்டியிருக்கும்.

கானாட் என்ற குதிரை நேர் ஓட்டத்தில் பல குதிரை நீளம் முன்னே போய்விட்டது. பிகட் அசையவில்லை. கடைசி ஃபர்லாங் வரும்வரை சர் ஐவரின் வேகத்தைச் செலவழிக்காமல் கையிலேயே வைத்திருந்தார். பிறகுதான் வெளிப்பக்கம் இழுத்து விட்டார். ஒன்றரை நீளத்தில் வெற்றி. தாங்குமா என்று சந்தேகப்பட்ட குதிரைக்கு அவர் ஒன்றரை மைலும் கேட்கவே இல்லை, கடைசி ஒரு ஃபர்லாங்கை மட்டுமே கேட்டார்.

இந்தப் பொறுமை எப்போதும் கைகொடுத்ததா என்றால், இல்லை. 1970-ல் நிஜின்ஸ்கி. 2000 கினீஸ், டெர்பி, செயின்ட் லெஜர் மூன்றையும் வென்ற குதிரை. 1935-ல் பஹ்ராமுக்குப் பிறகு அதுதான், அதற்குப் பிறகு இன்றுவரை இன்னொன்று வரவில்லை. பதினோரு பந்தயம் ஓடிப் பதினொன்றிலும் வென்று பாரிஸுக்குப் போனது. லாங்ஷாம்ப் மைதானத்தில் ஆர்க் பந்தயம். பிகட் பின்னால் வைத்திருந்தார், வெகு தாமதமாகக் கிளப்பினார். முடிவுக் கோட்டை நெருங்கும்போது குதிரை சவுக்கிலிருந்து விலகிப் பக்கவாட்டில் சாய்ந்தது. சசாஃப்ராஸிடம் ஒரு தலை வித்தியாசத்தில் தோல்வி. அதிகம் விட்டுக்கொடுத்துவிட்டார் என்று அன்று சொன்னவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்தக் கோடையில் நிஜின்ஸ்கிக்குப் படர்தாமரை நோய் வந்து தோல் பாழாகியிருந்தது, லெஜர் ஓட்டமும் அதன் பலத்தை உறிஞ்சியிருந்தது. ஆனாலும் இன்னும் சற்று முன்னால் இருந்திருந்தால் வென்றிருக்கும் என்றே நினைக்கிறேன்.

1972 டெர்பியைப் பற்றி மனம் ஒப்பாமல்தான் எழுதுகிறேன். ராபர்ட்டோ குதிரைக்குப் பேசியிருந்த ஜாக்கி பில் வில்லியம்சன், சில நாள் முன்பு பட்ட காயத்திலிருந்து தேறிவிட்ட பிறகும், உரிமையாளர் அவரை விலக்கிப் பிகட்டை ஏற்றினார். பிகட் சவுக்கால் அடித்து அடித்து, ரைன்கோல்டை மிகச் சிறு தலை வித்தியாசத்தில் தோற்கடித்தார். கூட்டம் அவரை வாழ்த்தவில்லை. அன்றே வேறு பந்தயங்களில் வென்ற வில்லியம்சனுக்குத்தான் கைதட்டல். 2023 முதல் இங்கிலாந்தில் இத்தகைய பந்தயங்களில் சவுக்கை ஆறு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது. எல்லை மிகவும் மீறினால் வெற்றியே பறிபோகும். காலையில் குதிரையின் முதுகைத் தேய்த்துவிடுகிறவனாக, அந்த விதி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. பிகட்டின் ஒன்பது டெர்பிகளில் நான் திரும்பப் பார்க்க விரும்பாதது ராபர்ட்டோ மட்டும்தான்.

உடம்பைப் பொருட்படுத்தாத துணிவு இன்னொரு பக்கம். 1981 ஏப்ரலில் எப்சமில் புறப்படும் கூண்டுக்குள் ஒரு குதிரை மிரண்டு, கதவுக்கு அடியில் புகுந்து வெளியேறப் பார்த்தது. பிகட்டின் காது ஏறக்குறைய அறுந்துவிட்டது. தையல் போட்டுக்கொண்டவர், ஒரு வாரத்தில் ஃபேரி ஃபுட்ஸ்டெப்ஸ் மீது ஏறி 1000 கினீஸை வென்றார். 1983-ல் டீனோசோவில் ஒன்பதாவது டெர்பி. 1984-ல் கமான்ச்சி ரன் மீது செயின்ட் லெஜரை வென்றபோது, 1827 முதல் நின்றிருந்த ஃபிராங்க் பக்கிளின் 27 கிளாசிக் வெற்றிகள் என்ற சாதனை முறிந்தது (2000 கினீஸ், 1000 கினீஸ், டெர்பி, ஓக்ஸ், செயின்ட் லெஜர் ஆகிய ஐந்தும்தான் கிளாசிக் பந்தயங்கள்). 1985-ல் ஓய்வு, நியூமார்க்கெட்டில் பயிற்சியாளர் வேலை.

பிறகு சிறை. வரி ஏய்ப்புக்காக 1987-ல் மூன்று ஆண்டு தண்டனை, 366 நாட்கள் உள்ளே இருந்தார். பணத்தின் மேல் அவருக்கு இருந்த பற்று தொழிலில் எல்லோரும் அறிந்தது. சட்டத்தை மீறினார், தண்டனை பெற்றார், அதில் வாதாட எதுவும் இல்லை. ஆனால் குதிரையேற்றத்துக்காகக் கொடுத்த ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருதையும் 1988-ல் பறித்துக்கொண்டார்கள். 2022 மே மாதம் 86 வயதில் அவர் இறக்கும்வரை அது திருப்பித் தரப்படவில்லை. தண்டனையை முழுதாக அனுபவித்த ஒருவருக்கு அதைத் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

1990 அக்டோபர் 15-ம் தேதி, 55 வயதுக்கு மூன்று வாரம் இருக்கும்போது, அவர் பெயரைப் போலவே ஒலிக்கும் லெஸ்டர் நகரத்தின் மைதானத்தில் மீண்டும் பந்தயம் ஓட்டினார். இந்த இரண்டாம் பருவம் 1995 வரை நீண்டது. 1992-ல் ரோட்ரிகோ டி ட்ரியானோ மீது 2000 கினீஸ், அவருடைய 30-வது கிளாசிக், 56 வயதில். அதே ஆண்டு ஃபுளோரிடாவில் அவர் ஓட்டிய மிஸ்டர் புரூக்ஸ் என்ற குதிரை கால் முறிந்து விழுந்து இறந்தது, பிகட்டுக்குக் கழுத்தெலும்பும் விலாவும் உடைந்தன. தேறி மீண்டும் ஏறினார். பிரிட்டனில் மட்டும் மொத்தம் 4,493 வெற்றிகள்.

இவை எல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமானது, திரும்பி வந்து பன்னிரண்டாவது நாளில் நியூயார்க்கின் பெல்மாண்ட் பார்க்கில் நடந்த பிரீடர்ஸ் கப் மைல் பந்தயம். ராயல் அகாடமி, ஓப்ரையனின் குதிரை, நிஜின்ஸ்கியின் மகன். வழக்கமாக ஏறும் ஜான் ரீட் காயம்பட்டிருந்தார். ஓப்ரையனுக்கு வயது 73. சில நாட்களுக்கு முன்புதான் அயர்லாந்தின் கரா மைதானத்தில் ஒரே நாளில் ஓப்ரையனின் நான்கு குதிரைகளில் பிகட் வென்றிருந்தார்.

தூரம் ஒரு மைல்தான், தவறினால் திருத்திக்கொள்ள நேரம் இல்லை. குதிரை பின்வரிசையில் இருந்தது. கடைசி வளைவில் அதன் ஓட்டம் குலைந்து மேலும் பின்தங்கியது. அந்த இடத்தில் எந்த ஜாக்கியும் பதறிச் சவுக்கை எடுத்திருப்பார். பிகட் குதிரை தன் நடையைத் திரும்பப் பெறும்வரை சில எட்டுகள் விட்டுக்கொடுத்தார். கை கீழேயே இருக்கிறது, கடிவாள வாரில் பிடி மாறவில்லை, முதுகு உயரவில்லை. நேர் ஓட்டத்துக்குள் வந்து, வெளிப்பக்கம் இடம் கிடைத்த பிறகுதான் முழுதாக ஓட்டத் தொடங்கினார். முடிவுக் கோட்டில் கழுத்தளவு வித்தியாசத்தில் வெற்றி. லாங்ஷாம்பில் தோற்றபோதும் இதே கணக்கைத்தான் போட்டார். இருபது ஆண்டு வசை கேட்டும், சிறைக்குப் போய் வந்தும், ஐந்து ஆண்டு சேணத்தை விட்டிருந்தும் அந்தக் கணக்கை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

எங்கள் லாயத்தில் புதிதாகச் சேரும் பையன்கள் அந்தக் காணொளியைத் தேடிப்பிடித்துக் கடைசி நூறு கெஜத்தைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் வளைவைப் பாருங்கள் என்று சொல்லி, அவர் கைகளைக் காட்டுகிறேன்.