2023-24 பிரீமியர் லீக்: ஃபோடனா, பால்மரா, ரோட்ரியா?

இங்கிலாந்தின் முதன்மைக் கால்பந்து லீக்கான இதில் அந்த சீசனின் சிறந்த வீரர் விருது மான்செஸ்டர் சிட்டியின் ஃபில் ஃபோடனுக்குப் போனது. 19 கோல், 8 அசிஸ்ட் (சக வீரர் கோல் போட வழிசெய்த பாஸ்). கடைசி நாளில் வெஸ்ட் ஹாமுக்கு எதிராக இரண்டாவது நிமிடத்திலேயே ஒரு கோல், பிறகு இன்னொன்று. குறை சொல்ல முடியாது.

செல்சி ரசிகர்கள் தங்கள் வீரர் கோல் பால்மர் (Cole Palmer) போட்ட 22 கோல், 11 அசிஸ்ட்டைக் காட்டுவார்கள். அதில் 9 பெனால்டி. அதைக் கழித்தால் 13. ஆனால் தடுமாறிய ஒரு அணியில் அவர் செய்தது இது என்பதையும் கணக்கில் வைக்கணும்.

என் ஓட்டு சிட்டியின் நடுக்கள வீரர் ரோட்ரிக்கு. சிட்டி லீக்கில் தோற்றது மூன்றே ஆட்டம்: வுல்வ்ஸ், ஆர்சனல், ஆஸ்டன் வில்லா. மூன்றிலும் தடை காரணமாக ரோட்ரி களத்தில் இல்லை. முதல் இரண்டும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் ஆட்டத்தில் வாங்கிய சிவப்பு அட்டையின் விளைவு. அவர் இல்லாவிட்டால் எதிரணியின் எதிர்த்தாக்குதலை நடுக்களத்திலேயே நிறுத்த ஆளில்லை. தடுப்பாட்டக்காரர்கள் தனியாக மாட்டிக்கொள்வார்கள். கோல் கணக்கில் இது தெரியாது. (அவரும் 8 கோல் போட்டார், அது வேறு கதை.) பட்டத்தை முடிவு செய்தது வெறும் 2 புள்ளி: சிட்டி 91, ஆர்சனல் 89.

ஆர்சனலின் சலிபா 38 ஆட்டத்திலும் ஒரு நிமிடம்கூட வெளியேறாமல் ஆடினார். தடுப்பாட்டக்காரர் என்பதால் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை.