சீரியலில் வராத நாட்கள்

பாவாடை தைக்க அளவெடுத்த டெய்லர் அக்காதான் முதலில் கேட்டார்: "பாப்பாவுக்கு ஒரு தோள் இறங்கி இருக்குதே, பார்த்தீங்களா?" மகளுக்கு அப்போது 13 வயது. குடியாத்தத்தில் எங்கள் டாக்டர் அவளைக் குனியச் சொன்னார். குனிந்ததும் வலப்பக்க முதுகு மேடாகத் தூக்கியது. வேலூருக்கு எழுதிக் கொடுத்தார்.

எக்ஸ்ரேயில் முதுகெலும்பின் வளைவு 56 டிகிரி. முதுகெலும்பு இப்படிப் பக்கவாட்டில் வளைவதை ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள்; 10 டிகிரி இருந்தாலே அதுதானாம். வளர்கிற பிள்ளைக்கு 25-லிருந்து 40 வரை என்றால் பெல்ட் போட்டுப் பார்ப்பார்கள். 50-ஐத் தாண்டினால் வளர்ச்சி நின்ற பிறகும் வளைவு கூடலாம், ஆபரேஷன்தான் என்றார்கள்.

மகள் பெரிதாகப் பயப்படவில்லை. அவள் பார்த்த ஆபரேஷன் எல்லாம் டிவியில் பார்த்ததுதான். சிவப்பு விளக்கு அணையும், டாக்டர் வெளியே வந்து தலையாட்டுவார், அடுத்த காட்சியில் பிள்ளை தலை கலையாமல் உட்கார்ந்து சிரிக்கும். அவளுடைய அக்கா போனில் பார்க்கிற ஆங்கில டாக்டர் தொடரிலும் அப்படித்தான்.

காலாண்டு விடுமுறையில் ஆபரேஷன் நடந்தது. ஐந்தரை மணி நேரம். எலும்பில் ஸ்க்ரூ போட்டு, இரண்டு பக்கமும் டைட்டானியம் கம்பி பொருத்தி நிமிர்த்துகிறார்கள். கால் நரம்புக்கு ஏதும் ஆகாமல் இருக்க, நடுநடுவே நரம்பின் சிக்னலையும் பார்த்துக்கொண்டே செய்கிறார்கள்.

மறுநாள் அவளால் தானாகத் திரும்பிப் படுக்கக்கூட முடியவில்லை. முதுகு முறுக்கக் கூடாது என்று இரண்டு நர்ஸ்கள் விரிப்போடு சேர்த்துக் கட்டையை உருட்டுவது போல உருட்டினார்கள். இரண்டாம் நாள் பிசியோதெரபிஸ்ட் வந்து நிற்க வைத்தார். நின்றாள், முகம் வெளுத்தது, வாந்தி எடுத்தாள், மறுபடி படுத்தாள். அன்று ராத்திரி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "அம்மா, எனக்கு மட்டும் ஆபரேஷன் சரியா நடக்கலையா? டிவில எல்லாரும் உடனே எழுந்திடறாங்களே."

எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. இதையெல்லாம் முன்னாடியே அவளிடம் சொல்லி வைத்திருக்க வேண்டும். காலையில் நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, தலைசுற்றல், வாந்தி, வலி மாத்திரையால் வருகிற மலச்சிக்கல் எல்லாமே எல்லாருக்கும் வருவதுதான் என்று பொறுமையாகச் சொன்னார். அதற்கப்புறம்தான் மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கையில் எடுத்தாள். மூச்சை இழுக்கும்போது அதிலிருந்த மூன்று பந்தில் முதல் நாள் ஒன்றுதான் எழும்பியது. மூன்றாவது பந்தும் எழும்பிய அன்று வார்டு கடைசி வரை நடந்துவிட்டு வந்தாள்.

ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். குடியாத்தம் வரை ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கருக்கும் டிரைவர் தம்பி முன்னாடியே குரல் கொடுத்தார், நான் தலையணையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்துப் பள்ளிக்கூடம் போனாள். புத்தகப் பையைத் தோழிதான் தூக்கினாள். உயரம் மூன்று சென்டிமீட்டர் கூடியிருந்தது, அதே டெய்லர் அக்கா யூனிஃபார்ம் மடிப்பைப் பிரித்துவிட்டார். கம்பி பொருத்திய இடத்தில் எலும்புகள் ஒன்றாகச் சேர ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் ஆகும், அதுவரை குனியக் கூடாது, கனம் தூக்கக் கூடாது.

மார்கழியில் அவள் கோலம் போட ஆசைப்பட்டாள். வாசலில் குனிந்து புள்ளி வைத்தது நான். பக்கத்தில் நிமிர்ந்து நின்றுகொண்டு, "அம்மா, இன்னும் ஒண்ணு இடப்பக்கம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.